தோல் சீட் பளபளத்தால் அது அழுக்கு

புதுக் காரின் தோல் சீட்டில் பளபளப்பு இருக்காது. வெயில் பட்டாலும் மினுங்காது, தடவினால் வழுக்காது. இரண்டு வருடம் ஓட்டிய பிறகு அதே சீட் எண்ணெய் பூசியதைப் போல மினுங்கத் தொடங்கும். தோல் நன்றாக மெருகேறிவிட்டது என்று பலர் அதைப் பார்த்து மகிழ்கிறார்கள். அது மெருகு இல்லை. நம் வியர்வையும் தலை எண்ணெயும் தெருத் தூசியும் ஒன்றாகச் சேர்ந்து படிந்த அழுக்கு. ஈரத் துணியால் நன்றாகத் துடைத்தால் பளபளப்பு போய்ப் பழைய மங்கல் திரும்பும். அந்த மங்கல்தான் ஆரோக்கியம்.

இதை நான் தெரிந்துகொண்டது கொஞ்சம் தாமதமாகத்தான். எங்கள் வீட்டுக் காரில் சந்தன நிறத் தோல் சீட். வாங்கிய முதல் இரண்டு வருடம் மாதம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்து வந்தேன். தோல் என்றால் எண்ணெய் வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன். தாத்தா தன் தோல் செருப்புக்கு விளக்கெண்ணெய் தடவி வெயில்படாமல் ஒரு ராத்திரி வைப்பார், காலையில் செருப்பு மெத்தென்று இருக்கும். செருப்புக்கு அது சரியான வைத்தியம். கார் சீட்டுக்கு ஏன் சரியில்லை என்பது புரிந்துவிட்டால், மற்ற எல்லாமே தானாகப் புரிந்துவிடும். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தோலின் மேல் ஒரு தோல்

மாட்டுத் தோல் என்பது கொலாஜன் என்ற புரத நார்களின் பின்னல். அப்படியே விட்டால் அழுகிவிடும். அழுகாமல் அந்த நார்களை நிலைநிறுத்துவதுதான் பதனிடுதல். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, திண்டுக்கல் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தத் தொழிலைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். இன்று உலகத்தில் பெரும்பகுதித் தோல் குரோமியம் உப்பால் பதனிடப்படுகிறது. கார் சீட்டுக்கு வரும் தோலில் குரோமியம் இல்லாத முறைகளும் உண்டு.

பதனிட்ட தோலுக்குச் சாயம் ஏற்றுவார்கள். நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி விறைக்காமல் இருக்கச் சுழலும் பெரிய மர டிரம்முக்குள் போட்டுக் கொழுப்பும் எண்ணெயும் உள்ளே ஏற்றுவார்கள். அதாவது தோலுக்கு வேண்டிய எண்ணெய் தொழிற்சாலையிலேயே நாருக்குள் போய்விட்டது.

அதற்கு அப்புறம் நடப்பதுதான் நமக்கு முக்கியம். கார் சீட் தோலின் மேல்பக்கத்தில் நிறமி கலந்த பூச்சு அடித்து, அதன் மேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன நிறமில்லாத பூச்சு ஒன்றும் அடிப்பார்கள். எல்லாம் சேர்ந்தும் ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் அடங்கிவிடும். வெயில், வியர்வை, உராய்வு எல்லாவற்றையும் தாங்குவது இந்த மெல்லிய பூச்சுதான். நீங்கள் சீட்டைத் தொடும்போது உண்மையில் தொடுவது மாட்டுத் தோலை அல்ல, இந்தப் பூச்சை.

வீட்டு உதாரணம் ஒன்று சொல்கிறேன். பெயிண்ட் அடிக்காத பழைய ஊஞ்சல் பலகைக்கு எண்ணெய் தேய்த்தால் மரம் குடிக்கும், கறுத்து மின்னும். அதே எண்ணெயைப் பெயிண்ட் அடித்த கதவில் தேய்த்தால் என்ன ஆகும்? மேலேயே பிசுபிசுவென்று நிற்கும், தூசியை இழுக்கும். தாத்தாவின் செருப்பு ஊஞ்சல் பலகை. கார் சீட் பெயிண்ட் அடித்த கதவு. நான் தேய்த்த தேங்காய் எண்ணெய் தோலுக்குள் போகவே இல்லை. மேலே நின்று தூசியைப் பிடித்தது. தையல் ஓட்டைகளில் இறங்கி நூலைக் கறுக்க வைத்தது. வருடக்கணக்கில் தொடர்ந்திருந்தால் பூச்சையே இளக்கியிருக்கும்.

அப்படியானால் சீட் ஏன் வெடிக்கிறது? காய்ந்து போவதால் என்று நினைக்கிறோம். வெயிலுக்கு அதில் பங்கு உண்டுதான். ஆனால் ஓட்டுநர் சீட்டின் வலது ஓரத்தைப் பாருங்கள். கதவைத் திறந்து இறங்கும்போது தொடை உரசிச் செல்லும் அந்த மேடுதான் எப்போதும் முதலில் தேய்ந்து வெடிக்கும். அதே வெயிலில் நின்ற இடது சீட் நன்றாகவே இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிய மண் துகள் உப்புத்தாள் மாதிரி வேலை செய்கிறது. நாம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்த உப்புத்தாள் ஒருமுறை இழுபடுகிறது. ஆகவே தோல் சீட்டைக் காப்பது என்றால் முதலில் அழுக்கை எடுப்பது. க்ரீம், பாலிஷ் எல்லாம் அதற்குப் பின்னால் வரவேண்டியவை.

முதலில், அது தோல்தானா?

ரூபாய் கொடுத்துத் தோல் க்ரீம் வாங்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். நடுத்தர விலைக் கார்களில் "லெதரெட்" என்று எழுதியிருந்தால் அது தோல் இல்லை. துணியின் மேல் பிவிசியோ பாலியூரித்தேனோ பூசியது. நம் ஊரில் ரெக்சின் என்று சொல்வோமே, அந்த வகை. "வீகன் லெதர்" என்பதும் இதன் உறவுதான். உண்மையான தோல் போட்ட கார்களிலும் முதுகும் தொடையும் படும் இடங்களில் மட்டும் தோல் வைத்து, ஓரங்களிலும் பின்பக்கத்திலும் செயற்கைப் பொருளை வைப்பது சகஜம்.

மேல்பக்கத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம், இரண்டிலுமே ஒரே மாதிரி ரேகைகளை அழுத்திப் பதித்திருப்பார்கள். பின்பக்கம் பொய் சொல்லாது. சீட்டுக்கு அடியில் உறை முடியும் விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். பஞ்சு போல நார் நாராக இருந்தால் தோல். துணி நெசவு தெரிந்தால் செயற்கை.

செயற்கை என்றால் வருத்தப்பட ஒன்றுமில்லை, பராமரிப்பு இன்னும் சுலபம். கீழே நான் சொல்லப்போகும் சுத்தம் செய்யும் முறை அதற்கும் அப்படியே பொருந்தும். தோல் க்ரீம் மட்டும் தேவையே இல்லை, அதைக் குடிக்க அங்கே நார் கிடையாது. ஒன்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பாலியூரித்தேன் பூசிய மலிவான ரெக்சின் நம் கடலோரக் காற்றின் ஈரத்தில் சில வருடங்களில் செதில் செதிலாக உரிய ஆரம்பிக்கும். அது ஈரத்தால் பூச்சு சிதைவது. எந்தக் க்ரீமாலும் அதை ஒட்டவைக்க முடியாது.

அரிதாக, மிக விலையுயர்ந்த கார்களில் மேல்பூச்சு இல்லாத அனிலின் தோல் வரும். தெரியாத ஓர் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். முத்து போல நின்றால் பூச்சு உண்டு. உள்ளே இழுத்துக் கறுத்தால் பூச்சு இல்லை, அதை நிபுணர் கையில் விடுவது நல்லது. வெல்வெட் மாதிரி மெத்தென்று இருக்கும் அல்கன்டாரா தோலே அல்ல, பாலியஸ்டரும் பாலியூரித்தேனும் சேர்ந்த செயற்கைத் துணி. அதில் க்ரீம் பட்டால் ரோமம் ஒட்டிப்போகும்.

சோப்பு ஏன் கூடாது: ஆரத்தித் தட்டில் இருக்கும் பதில்

ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பு போட்டதும் தண்ணீர் ரத்தச் சிவப்பாக மாறும். மஞ்சள் கறை பட்ட சட்டையில் சோப்புப் போட்டாலும் அதே சிவப்பு வரும். காரணம் ஒன்றுதான். சுண்ணாம்பும் சோப்பும் காரத்தன்மை உள்ளவை, மஞ்சள் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

பதனிட்ட தோல் இதற்கு நேர்மாறு, கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது. பி.எச். கணக்கில் (7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) 4-ஐ ஒட்டி இருக்கும். துணி சோப்பு, குளியல் சோப்பு எல்லாம் 9, 10 என்று நிற்பவை. ஒருமுறை பட்டால் ஒன்றும் ஆகிவிடாது. வாரம் தவறாமல் சோப்புத் தண்ணீரால் தேய்த்தால் தையல் வழியாகவும் நுண்ணிய விரிசல் வழியாகவும் காரம் உள்ளே போகும். தோல் விறைக்கும், பூச்சின் பிடிப்பும் தளரும். அதனால்தான் தோலுக்கென்றே விற்கும் கிளீனர்கள் நடுநிலையாகவோ லேசான அமிலத்தன்மையோடோ தயாரிக்கப்படுகின்றன. ஒரு பாட்டில் வாங்கினால் ஒரு வருடத்துக்கு மேல் வரும். இந்த விஷயத்தில் நான் காசு செலவு செய்யச் சொல்வது அந்த ஒன்றுக்குத்தான்.

சோப்பை விட மோசமானது சானிடைசர். கொரோனா காலத்தில் ஸ்டீயரிங்கையும் கை வைக்கும் இடத்தையும் ஒருநாள் விடாமல் சானிடைசர் போட்டுத் துடைத்தோம். பல கார்களில் அந்த இடங்கள் மட்டும் வெளிறிப் பிசுபிசுத்துப் போனதற்கு அதுதான் காரணம். ஆல்கஹால் பூச்சை இளக்கும். கையில் சானிடைசர் தேய்த்தால் அது காய்ந்த பிறகு ஸ்டீயரிங்கைப் பிடியுங்கள். நகப்பூச்சு நீக்கி, தின்னர், பிளீச்சிங் பவுடர், வினிகர், பற்பசை என்று யார் என்ன சொன்னாலும் சீட் பக்கம் கொண்டுவர வேண்டாம்.

செய்வது எப்படி

வண்டியை நிழலில் நிறுத்துங்கள். சூடான சீட்டில் கிளீனர் தடவினால் துடைக்கும் முன்பே காய்ந்து திட்டுத் திட்டாக நின்றுவிடும்.

முதல் வேலை வாக்குவம் கிளீனர். மென்மையான பிரஷ் முனையைப் போட்டு, முதுகும் இருக்கையும் சேரும் இடுக்கு, தையல் கோடுகள், ஓட்டை போட்ட பகுதிகள் எல்லாவற்றையும் உறிஞ்சி எடுங்கள். இதைத் தாண்டிவிட்டு நேராக ஈரத் துணிக்குப் போனால் இருக்கிற மண்ணையெல்லாம் நாமே சீட்டில் தேய்க்கிறோம் என்று அர்த்தம். வாக்குவம் இல்லையென்றால் பெயிண்ட் அடிக்கும் மெல்லிய பிரஷ் ஒன்று போதும், இடுக்கிலிருந்து தூசியைத் தட்டி எடுக்கலாம்.

அப்புறம் கிளீனர். சீட்டின் மேல் நேராகப் பீய்ச்சாதீர்கள். குதிரைமுடி பிரஷ்ஷிலோ மைக்ரோஃபைபர் துணியிலோ கொஞ்சம் விட்டு நுரை வரவைத்து, சின்னச் சின்னப் பகுதியாகத் தேயுங்கள். கை விரித்த அளவுக்கு ஒரு பகுதி போதும். வட்டமாக, அழுத்தாமல். நுரை பழுப்பாக மாறினால் அழுக்கு மேலே வந்துவிட்டது. அது காய்வதற்குள் வேறொரு ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். தேய்ப்பதில் காட்டும் அக்கறையைத் துடைப்பதில் காட்டுவதில்லை. நுரையைத் துணியில் எடுக்காமல் விட்டால் கிளம்பிய அழுக்கு ரேகைகளுக்குள் மறுபடி உட்கார்ந்துவிடும். வெள்ளைத் துணியாக வைத்துக்கொண்டால் எவ்வளவு வருகிறது என்று கண்ணுக்குத் தெரியும். முதல்முறை செய்யும்போது அந்தத் துணியைப் பார்த்தால் உங்களுக்கே திகைப்பாக இருக்கும்.

முதல்முறை வாங்கிய எந்தக் கிளீனரையும் சீட்டின் பின்பக்கம் கீழே ஓரிடத்தில் தடவிப் பார்த்து, துணியில் சீட்டின் நிறம் ஒட்டவில்லை என்று தெரிந்த பிறகே மேலே வாருங்கள்.

காற்று வீசும் சீட், அதாவது வென்டிலேட்டட் சீட் இருப்பவர்கள் கூடுதல் கவனத்தோடு செய்யவேண்டும். அந்தத் துளைகளுக்குக் கீழே பஞ்சும் மின்விசிறியும் இருக்கின்றன. துணி ஈரமாக இருந்தால் போதும், சொட்டக்கூடாது. க்ரீம் தடவினால் துளைகள் அடைத்துக்கொண்டு வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். அந்தப் பகுதிக்குக் க்ரீமே வேண்டாம் என்பது என் கருத்து.

கதவுகளைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் காயவிடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம்.

காய்ந்த பிறகு பாதுகாப்புப் பூச்சு. கடையில் கண்டிஷனர் என்றும் புரொடெக்டர் என்றும் இரண்டு வகை இருக்கும். கண்டிஷனர் தோலுக்கு ஊட்டம் என்று விற்கிறார்கள். மேல்பூச்சு உள்ள கார் சீட்டுக்குள் அது மிகக் கொஞ்சம்தான் போகும் என்று உங்களுக்கு இப்போது தெரியும். புரொடெக்டர் வேறு. பூச்சின் மேல் இன்னொரு மெல்லிய படலமாக நின்று, உராய்வையும் கறையையும் முதலில் தான் வாங்கிக்கொள்ளும். பெயிண்டுக்கு மெழுகு போல. அது சில மாதங்களில் தேய்ந்துபோகும், மறுபடி போடவேண்டும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் புரொடெக்டரை வாங்குங்கள். தண்ணீரை அடிப்படையாகக் கொண்டதாக, போட்டபின் பளபளக்காததாக இருக்கட்டும்.

ஒருமுறை தண்ணீர் சர்வீஸுக்கு விட்ட இடத்தில் டேஷ்போர்டுக்குப் போடும் சிலிக்கான் பாலிஷைச் சீட்டிலும் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பின்சீட்டில் உட்கார்ந்த அம்மா ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்னால் வழுக்கி வந்தார். அன்றிலிருந்து உள்ளே பாலிஷ் வேண்டாம் என்று சாவி கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறேன். நீங்களும் சொல்லுங்கள்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை? தினமும் ஓடும் கார் என்றால் வாரம் ஒருமுறை வெறும் ஈரத் துணியால் ஒரு துடைப்பு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளீனர். ஓட்டுநர் சீட்டின் அந்த வலது ஓரத்தை மட்டும் மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கறைகள்

ஜீன்ஸ் நீலம்தான் வெளிர் நிறச் சீட்டின் முதல் எதிரி. இண்டிகோ சாயம் நூலின் வெளிப்பக்கத்தில்தான் ஒட்டியிருக்கும், உரசினால் வந்துவிடும். வியர்வை ஈரமும் சூடும் சேர்ந்தால் அது சீட்டின் பூச்சுக்குள் மெல்ல நகரும். வந்த ஒன்றிரண்டு வாரத்துக்குள் கிளீனர் போட்டால் பெரும்பாலும் போய்விடும். ஒரு வருடம் ஊறிய நீலம் போகாது. விடாப்பிடியாகத் தேய்த்தால் நீலத்தோடு பூச்சும் போகும். சுத்தமான சீட்டின் மேல் புரொடெக்டர் போட்டு வைப்பதன் முழுப் பலன் இந்தக் கறையில்தான் தெரியும்.

சாம்பார் சிந்தினால் முதலில் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். சோப்பு வேண்டாம், சிவக்கும் என்று பார்த்தோம். கிளீனரால் துடைத்த பிறகும் லேசான மஞ்சள் தெரிந்தால் விட்டுவிடுங்கள். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் தானாக மங்கும் குணம் உள்ளது. சில நாள் வெளிச்சம் பட்டாலே அது போய்விடுவதைப் பார்க்கலாம்.

தலை எண்ணெய்க்கு என் பரிந்துரை பழைய அம்பாசடர் கார்களிலிருந்து வந்தது. அரசு அம்பாசடர்களின் சீட்டில் வெள்ளை டர்க்கித் துண்டு விரித்திருப்பார்கள், ஞாபகம் இருக்கலாம். தலை சாயும் இடத்தில் ஒரு வெள்ளைத் துண்டைச் செருகிவிட்டு வாரம் ஒருமுறை துவைத்தால் போதும். எண்ணெய் அங்கேயே நின்றுவிடும். வண்ணத் துண்டு வேண்டாம், அதன் சாயம் சீட்டில் இறங்கும்.

பேனா மை பட்டால் உடனே கிளீனர் போட்டு ஒருமுறை முயலுங்கள். போகவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். சின்ன நீலக் கோடு, பூச்சு போன பெரிய வெள்ளைத் திட்டை விட மேல்.

வெயிலும் மழையும்

அடைத்து நிறுத்திய கார் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வெளிவெப்பத்தை விட 20 டிகிரிக்கு மேல் சூடாகும். சித்திரை வெயிலில் கறுப்பு சீட் தொடமுடியாமல் இருப்பது அதனால்தான். முன்கண்ணாடி நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி. புற ஊதாக் கதிரைக் கிட்டத்தட்ட முழுவதும் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் அப்படி இல்லை. சீட்டின் நிறம் கதவுப் பக்கமே முதலில் வெளிறுவது இதனால். ஆகவே முன்கண்ணாடிக்கு மடக்குத் தட்டி வைப்பது சூட்டுக்கு உதவும், நிறத்தைக் காப்பது பக்கவாட்டு மறைப்புதான். ஃபிலிம் ஒட்டுவதாக இருந்தால் முன், பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் வெளிச்சம் உள்ளே வரவேண்டும் என்பது மோட்டார் வாகன விதி.

மழைக்காலத்தில் பிரச்சினை பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு வாரம் பூட்டிவைத்த காரைத் திறந்தால் சீட்டில் சாம்பல் பூத்திருக்கும். பூஞ்சை பெரும்பாலும் தின்பது தோலை அல்ல, தோலின் மேல் நாம் விட்ட வியர்வையையும் பிஸ்கட் தூளையும். சுத்தமான சீட்டில் அது எளிதில் பிடிக்காது. பிடித்துவிட்டால் முகக்கவசம் போட்டு, கதவுகளைத் திறந்து, ஈரத் துணியால் எடுத்து, கிளீனர் போட்டுக் காயவிடுங்கள். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏசி ஓடினாலே உள்ளே இருக்கும் ஈரம் குறையும்.

தோல் சீட்டின் மேல் உறை போடுவது நம் பழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உறைக்கு அடியில் போகும் மண் அங்கேயே தங்கி அரைக்கும், உறையின் சாயமும் இறங்கும். அதை விடப் பெரிய காரணம், இன்று பல கார்களில் பக்கவாட்டு ஏர்பேக் சீட்டின் ஓரத்துக்குள்தான் இருக்கிறது. அதற்கு வழி விடாத உறை விபத்து நேரத்தில் அதைத் தடுத்துவிடலாம். குழந்தைகளுக்கான இருக்கையை மாட்டுபவர்கள், கார் கம்பெனியின் கையேடும் இருக்கையின் கையேடும் அனுமதித்தால் மட்டும் அடியில் மெல்லிய விரிப்பு ஒன்றைப் போடலாம். அழுந்திய தடம் விழாமல் இருக்கும்.

ஏற்கெனவே வெடித்துவிட்ட சீட் என்றால், விரிசலுக்குள் எதையும் ஊற்ற வேண்டாம், எண்ணெய் உட்பட. உள்ளே எண்ணெய் ஊறிய தோலில் பின்னால் அடிக்கும் புதுப் பூச்சு பிடிக்காது. தோல் சீட்டுக்கு நிறம் பூசித் தருபவர்கள் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். விரிசலை நிரப்பி, தேய்த்துச் சமன் செய்து, அதே நிறத்தில் பூச்சு அடித்துத் தருவார்கள். முழு சீட்டையும் மாற்றும் செலவு அதில் வராது. அவர்களிடம் போகும் வரை அந்த இடத்தைத் துடைத்து மட்டும் வையுங்கள். இறங்கும்போது தொடையை இழுத்துக்கொண்டு இறங்காமல், இரண்டு காலையும் வெளியே வைத்து எழுந்து இறங்கிப் பழகினால் விரிசல் அதற்கு மேல் நீளாது. என் காரின் வலது ஓரத்தில் ஒரு விரல் நீள விரிசல் அப்படித்தான் நான்கு வருடமாக அதே நீளத்தில் நிற்கிறது.